மூலைவிட்டம் நூறு

பீரோவைப் படுக்கவைத்தே அறைக்குள் கொண்டுவந்தாயிற்று. நிமிர்த்துவதுதான் பாக்கி.

"மாமா, தூக்கும்போது மேல இடிக்கும்," என்றான் பீரோவைச் செய்த மச்சினன்.

கணக்கு வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு உளியைப் பிடித்தவன், அவருக்கே அளவு சொல்கிறான்!

"உயரம் தொண்ணூத்தாறு அங்குலம், ஆழம் இருபத்தெட்டு. ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டினா பத்தாயிரம். அதுக்கு வர்க்கமூலம்?"

"நீங்களே சொல்லிடுங்க."

"நூறு! மூலைவிட்டம் நூறு, ஃபால்ஸ் சீலிங் உயரமும் நூறு. பிதாகரஸ் எப்பவோ சொல்லிட்டார். தூக்குடா!"

அந்த சீலிங் அவரே நின்று போட்டது. மூன்று வருஷமாக அதற்குள் எலிகள் குடும்பம் நடத்தின. கழற்றச் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அது மேல யாராவது கை வச்சா நான் வீட்டை விட்டே போயிடுவேன்," என்று வாத்தியாரின் சபதம் வேறு.

தூக்கினார்கள். முக்கால்வாசி எழுந்த பீரோ நங்கென்று சீலிங்கில் முட்டி நின்றது.

"தரைதான் கோணல்," என்று வாத்தியார் பின்பக்கம் புகுந்து, அடியில் கிடந்த பாயை உருவினார். பீரோ வழுக்கி இன்னும் இறுகியது. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே அவரும் மாட்டிக்கொண்டார்.

"கீழ இறக்கிடலாம் மாமா. அரை அடி அறுத்துத் தர்றேன்."

"அறுக்கிறதா? அப்போ என் கணக்கு தப்புங்கிறியா?" தொப்பை நசுங்கியபோதும் மனிதருக்குத் திமிர் நசுங்கவில்லை. "சீலிங்தான் தொங்கிப்போச்சு! சுத்தியலைக் குடு!"

மச்சினன் இடுக்கு வழியாக நீட்டினான். வாத்தியார் தலைக்கு மேல் ஓங்கி அடித்தார். ஒரு பலகை விழுந்தது. கூடவே எலிக்கூடு அவர் தலையில் இறங்கியது. அலறிக்கொண்டு சுத்தியலைக் கண்டபடி வீசியதில் மொத்த சீலிங்கும் பொலபொலவென்று கொட்டியது. பீரோ நிமிர்ந்து நின்றது.

"பாத்தியா? கணக்குன்னா கணக்குதான்!" என்றார், தலை முதல் கால்வரை சுண்ணாம்பு பூசிய வாத்தியார். "படிச்சவனுக்கும் உனக்கும் அதான்டா வித்தியாசம்."

மனைவி விளக்குமாற்றோடு வந்தாள். நான்கு காலிச் சாக்குகளும் அவள் கையில் தயாராக இருந்தன.

மச்சினன் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டான். "நான் ஏழு அடிக்குத்தான் செய்யறதா இருந்தேன் மாமா. 'மூலைவிட்டம் சரியா நூறு வர்ற மாதிரி பண்ணு, உச்சியில கால் அங்குலப் பட்டை ஒண்ணு ஒட்டு, மீதியை அவரே உடைச்சுக்குவாரு'ன்னு அளவு எழுதிக் குடுத்தது அக்காதான்."