கொழுப்பு சேர்ந்தால்தான் ஒட்டும்

இனிமேல் இந்த வீட்டில் எண்ணெய் ஓட வேண்டும். சொட்டாக இல்லை, ஆறாக. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்த முடிவுக்கு வந்தேன். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு முடிவே வராது. வந்தாலும் அது என் மனைவியுடைய முடிவாக இருக்கும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். அவளுக்கு இரும்புச்சத்து கம்மி. எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி. என் மனைவி என் தாளை இரண்டு தரம் படித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான மூணாம் நாளே எனக்குத் தெரியும். யார்கிட்ட சொன்னாலும் நம்பல. இப்பதான் சீல் குத்திக் குடுத்திருக்காங்க."

அன்றோடு வாணலி பரணுக்குப் போனது. துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று வாங்கி, எண்ணெயை அதில் ஊற்றினாள். சமைக்கும்போது ஒரே ஒரு 'புஸ்'. அவ்வளவுதான். கேரட்டை அவித்தாள். கீரையை அவித்தாள். பீன்ஸை அவித்தாள். எதிர்த்துப் பேசினால் என்னையும் அவித்துவிடுவாள் போலிருந்தது. மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கைக் கண்ணால் பார்த்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. நாக்கு செத்துவிட்டது, அடக்கம் மட்டும்தான் பாக்கி.

எனக்கு பாட்டில் லேபிள் அச்சடிக்கிற கம்பெனியில் வேலை. எழுத்துப் பிழை பார்ப்பேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு சத்து மாத்திரையின் லேபிள் என் மேஜைக்கு வந்தது. கேரட்டுக்குக் கலர் கொடுக்கிற சத்தையே பிழிந்து மாத்திரையாக்கி இருந்தார்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'கொழுப்புள்ள உணவுடன் உட்கொள்ளவும். இல்லையேல் உடலில் சேராது.'

நாலு தரம் படித்தேன். பிழையே இல்லை. இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு அழகான வாக்கியத்தை நான் பார்த்ததில்லை. லேபிளில் ஒன்றைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் மருந்துக்கடைக்காரத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். எங்கள் கட்டடத்திலேயே கீழே குடியிருக்கிறவன். "உண்மைதாண்ணே" என்றான். சாட்சியைத் தயார் பண்ணிவிட்டுத்தான் கேஸே போட்டேன்.

"இங்க பாரு, இத்தனை நாளா நீ போட்ட கேரட் எதுவுமே என் உடம்புல ஒட்டல."

"என்னது?"

"கேரட் சத்து எண்ணெயிலதான் கரையும். எண்ணெய் இல்லாம சாப்பிட்டா உள்ள போய் சும்மா சுத்திப் பாத்துட்டு வெளிய போயிடும். நாப்பத்து மூணு நாள் கேரட்டு! அத்தனையும் வீண்!"

"அதுக்கு?"

"அதுக்குக் கொழுப்பு வேணும்."

"அதான் உங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கே. அதுல கரையட்டும்."

"ரத்தத்துல இருக்கறது கணக்குல வராது! தட்டுல இருக்கணும். கேரட்டும் கொழுப்பும் ஒண்ணா உள்ள போகணும்!"

"இருபது வருஷமா நான் சொல்றது எதுவும் உங்க மண்டையில ஏறலையே. அதுக்கும் எண்ணெய் தடவிப் பாக்கலாமா?"

"நான் விஞ்ஞானம் பேசறேன்!"

"நீங்க உருளைக்கிழங்கு பேசறீங்க."

எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ! அந்த வார்த்தையை நான் வாயால் சொல்லவே இல்லை. லேபிளை எடுத்து நீட்டினேன். நம்பிக்கை இல்லையென்றால் கீழ்வீட்டுத் தம்பியையே கேட்டுக்கொள் என்றேன்.

"சரி" என்றாள்.

அவள் கத்தினால் எனக்குப் பயமே கிடையாது, பழகிவிட்டது. 'சரி' என்றால்தான் ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தம்பி வந்தான். அவள் நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு உண்மை, அண்ணி. கேரட், கீரை, தக்காளி, எதுவா இருந்தாலும் கூடக் கொஞ்சம் எண்ணெய் இருந்தாத்தான் சத்து ஒட்டும்."

நான் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

"கொஞ்சம்னா எவ்வளவு தம்பி?"

நான் கண்ணைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். இருமினேன். அந்த மடையன் எனக்கு இருமல் மருந்து வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஒரு டீஸ்பூன் தாராளமாப் போதும்."

"வறுக்கணுமா?"

"சேச்சே! வெந்ததும் மேல ஊத்திக் கிளறிட்டாப் போதும்."

பாவி. என் சாட்சி, என் வீட்டிலேயே உட்கார்ந்து என்னைக் கவிழ்க்கிறான். அதோடாவது நிறுத்தினானா? மருந்துக்கடைக்காரனிடம் வாயைக் கொடுத்தால் சும்மா விடுவானா?

"அப்புறம், நல்லா மென்னு சாப்பிடணும் அண்ணே. சத்தெல்லாம் உள்ளுக்குள்ள பூட்டிக் கிடக்கும்."

"எவ்வளவு நேரம் மெல்லணும்?" இது அவள்.

"கூழாகற வரைக்கும்."

எழுதிக்கொண்டாள். பூண்டை நறுக்கிப் பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் போடச் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு இரும்புச்சத்து கம்மின்னாங்களே தம்பி. கீரை எனக்கு ஒட்டணும்னா?"

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோங்க. சாப்பாட்டோட காபி மட்டும் ஆகாது. இரும்பைச் சேர விடாது."

"எங்க தம்பி? இவர் சாப்பிட்ட கையோட காபி கேப்பாரு. இவருக்குப் போட்டா அந்த வாசனைக்கு எனக்கும் குடிக்கணும்னு தோணிடுது."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மூன்று மாடி ஏறி வந்தால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. போன வாரம் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பகீரென்றது. அதைப் பார்த்த பிறகு காபிக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை. வாய் வரவில்லையே என்றும் எரிச்சலாக இருந்தது. உருளைக்கிழங்கு கேட்கப் போய்க் காபியையும் தொலைத்தேன்.

தம்பியை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். அங்கே ஏதோ குசுகுசுவென்று பேச்சு. திரும்பி வந்ததும் கேட்டேன்.

"இந்த ஒரு ஸ்பூன் எத்தனை நாளைக்கு?"

"அடுத்த டெஸ்ட் வரைக்கும்."

"அது எப்ப?"

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பரணிலிருந்து வாணலி இறங்கியது. சத்தம் கேட்டு எழுந்தேன். அப்புறம் அந்த வாசனை! நாற்பத்து ஐந்து நாளுக்கு அப்புறம் என் வீட்டில் உருளைக்கிழங்கு வறுபடுகிறது. எவ்வளவு திட்டினாலும் அவளுக்கு என் மேல் உயிர்தான் என்று கண் கலங்கிப் போனேன். கை கழுவிக்கொண்டு தட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒரு டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள்.

"இது தம்பிக்கு. லீவு நாள்னும் பாக்காம வந்து நமக்கு எவ்வளவு நல்லது சொல்லியிருக்கு. ஆறறதுக்குள்ள குடுத்துட்டு வாங்க."

"எனக்கு?"

"கேரட் வெச்சிருக்கேன். ஒரு ஸ்பூன் ஊத்தியாச்சு."

எங்கள் வீடு மூன்றாவது மாடி. தம்பி வீடு முதல் மாடி. நடுவில் படி திரும்புகிற இடத்தில் மேலேயிருந்து பார்த்தாலும் தெரியாது, கீழேயிருந்து பார்த்தாலும் தெரியாது. அந்த இடத்தில் டப்பா தானாகவே திறந்துகொண்டது என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? ஒரு துண்டு எடுத்தேன். ஆஹா! ஒன்றோடு நிறுத்த நான் என்ன மகானா? இன்னொன்று. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு, கூழாகிற வரைக்கும் மென்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தைக் குலுக்கிப் பரப்பி, மூடியை அழுத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

தம்பி கதவைத் திறந்தான். வாங்க அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை. டப்பாவை வாங்கி ஒரு தட்டில் கொட்டி, மாத்திரை எண்ணுவது போல இரண்டிரண்டாகத் தள்ள ஆரம்பித்தான்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"ஒரு நிமிஷம்ணே."

எண்ணி முடித்தான். மறுபடியும் ஒரு தரம் எண்ணினான். அப்புறம் படிக்கட்டுக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணி! முப்பதுன்னு சொன்னீங்க, இருபத்தேழுதான் இருக்கு!"

மேலேயிருந்து குரல் வந்தது. துளிக்கூடக் கோபம் இல்லாத குரல்.

"அப்ப டெஸ்ட் மூணு மாசம் கழிச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க தம்பி!"