தாழ்தேர் ஏரிக்கரை சேர்ந்த காதை

பெய்து களைத்த முகில்கள் வெளுத்த துணியென வான்விளிம்பில் காய, ஈரம் உலரா மதில்களைப் பாசி பசும்பட்டெனப் போர்த்த, மழையும் முடியாது பனியும் தொடங்காது உலகம் மூச்சடக்கி நிற்கும் அப்பருவத்தில், தகரக் கொட்டகையின் கீழ் கிரீஸ் மணக்க மல்லாந்து கிடந்தான் ஒருவன். அவன் வாழ்க! பல்லாயிரம் கடைவாய்ப்பல் பறித்த குறடேந்து கையன், நடுங்கும் நோயாளர்க்கெல்லாம் வலிக்காது என்று கூசாது பொய்யுரைத்த இன்சொல்லாளன், பல் மருத்துவன், அவன் வாழ்க! எந்திரத்துக்கும் இரங்கும் பரம்பொருளே, அவன் போர் பாட எளியேன் நாவில் எழுந்தருள்க.

அவன் தேரோ, கட்டிலும் அடுப்பும் வயிற்றில் தாங்கிய அரை நூற்றாண்டுப் பழைய வேன். எறும்பும் தலைகுனிந்தே அடியில் நுழையுமாறு அதன் முன்புறத்தைத் தாழ்த்திவிட்டான். பின்புறம் மட்டும் பணியவில்லை. பின்சக்கரம் இரண்டிலும் பூட்டிய சிறு கியர்பெட்டிகள் அதை உயர்த்தியும் வேகத்தைக் குறைத்தும் அடங்காக் குறுநில மன்னரென நிமிர்ந்திருந்தன. அவற்றைக் களைந்து நேரான அச்சுப் பூட்டுதலே அவன் தொடுத்த போர்.

ஆறு திங்கள் நீண்டது அப்போர். துணி உலர்த்தும் இடத்தை இழந்தும் பொறுத்த இல்லாள், கணித ஆசிரியை, ஒருநாள் இடுப்பில் கைவைத்து ஆணையிட்டாள்:

"ஞாயித்துக்கிழமை காலைல இது என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போகணும். இல்லேன்னா திங்கக்கிழமை உடைக்கிறவங்க வந்து இழுத்துட்டுப் போயிடுவாங்க. சொல்லிட்டேன்."

மகனுக்குத் தூக்கென்ற தீர்ப்பைக் கேட்ட தந்தைபோல் முகம் வெளிறிய நாயகன், தேரின் நெற்றியில் கைவைத்து, "நான் பின்வாங்குற ஆளே இல்ல" என வஞ்சினம் உரைத்தான்.

ஞாயிறும் எழுந்தது, ஞாயிறன்று. பிளாஸ்கும் கையுமாய் இல்லாள் தேரேறினாள். முரசென இயந்திரம் முழங்கியது. முதல் கியரிட்டுக் கிளட்சை விடுவித்தான் வீரன். குன்று நகர்ந்தாற்போல், கோயில் யானை அசைந்தாற்போல், தேர் கம்பீரமாகப் பின்னோக்கிச் சென்று சிவப்பு வாளியொன்றை நசுக்கியது. இரண்டாம் கியரிட்டான், இன்னும் விரைவாகப் பின்சென்றது.

வாயிலில் பல்துலக்கி நின்ற மைத்துனன், பேருந்து ஓட்டுநன், நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டான்: "அத்தான், உள்ள இருக்கிற பெரிய சக்கரத்தைப் பக்கம் மாத்திப் போட்டீங்களா?"

போடவில்லை. களைந்த பெட்டிகள் சுழற்சியை எதிர்த்திசைக்கு மாற்றித் தந்தவை. அவற்றை நீக்குவோர் அச்சின் நடுவிலுள்ள பெரும்பல்சக்கரத்தையும் மறுபக்கம் மாற்றுதல் வேண்டும். நாயகனோ, பல்லுக்குப் பல் பழுதறத் துடைத்து, அதனை இருந்த பக்கத்திலேயே பொருத்தியிருந்தான். ஆகவே அத்தேருக்குப் பின்செல்லக் கியர் நான்கு. முன்செல்ல ஒன்றே ஒன்று.

இல்லாள் இறங்கக் கதவைத் தொட்டாள். அக்கணத்தில் அவன் பின்கியரைப் பற்றி இழுத்தான். தேர் முன்சென்றது!

"எந்தக் கியர்ல போகணும்னு நீ சொல்லவே இல்லியே."

கணிதம் அறிந்தவள் ஆதலின் அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

இரண்டே தெரு, முக்கால் மணி நேரம். இயந்திரம் ஊழிக்கடலென ஓலமிட, நாயைப் பிடித்தபடி நடந்த முதியவர் முந்தினார். நாய் சலித்துத் திரும்பிப் பார்த்தது. பின்கியரின் வெள்ளை விளக்கு வழிநெடுக எரிந்தமையின், பின்வந்தோர் அஞ்சி ஒதுங்கினர். அவர்களுக்கு அபயம் அளித்தவாறே உடன் நடந்தான் மைத்துனன்: "பயப்படாதீங்க, வண்டி முன்னாடிதான் போகுது."

ஏரி தெரிந்தது. வேர்வை வடிய நாயகன் இறங்கி, செருப்பைக் கழற்றி, புகையும் பின்னச்சின் அருகே ஈரமண்ணில் முழந்தாளிட்டுக் கண்மூடிக் கைகுவித்தான்.

அவள் கைப்பேசியில் யாரையோ அழைத்து, நாளைக்கு வரவேண்டாம் என்றாள். பின் குனிந்து, அவன் தலையில் ஒட்டியிருந்த கிரீஸை முந்தானையால் துடைத்துவிட்டு, அவனையும் தேரையும் நோக்கிச் சொன்னாள்:

"ரெண்டு பேரும் நல்லா இருங்க, நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்."