மேம்பாலத்து இறக்கமும் என் இடது காலும்

மேம்பாலத்தில் இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடுகிறவன் முட்டாள். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், பல வருஷம் அந்த முட்டாள் நான்தான். அதுவும் பெருமை பீற்றிக்கொண்டு திரிந்த முட்டாள்.

நான் ஆக்டிங் டிரைவர். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஓட்ட ஆள் இல்லாத நாளில் கூப்பிடுவார்கள். ஓட்டிக் கொடுத்துவிட்டு அன்றைய கூலியோடு வீட்டுக்கு வருவேன். யாரும் கூப்பிடாத நாளில் இரும்புலியூர் வீட்டில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி செல்வி என்னை முறைத்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் பக்கம் தட்டையான பூமி. டிரைவர்களுக்குக் கிடைத்த இறக்கமெல்லாம் மேம்பாலம்தான். உச்சியில் கியரை நியூட்ரலுக்கு இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் எவன் அதிக தூரம் உருளுகிறான் என்று கார் ஸ்டாண்டு ஆட்களுக்குள் போட்டியே நடக்கும். அதில் நான் ராஜா. (என் ராஜ்யம் பாலத்தடி டீக்கடையோடு முடிந்துவிடும்.)

நாவலூரில் டைல்ஸ் கடை நடத்தும் பர்வீன் மேடத்துக்கு நிரந்தரமாக ஒரு டிரைவர் வேண்டும் என்று தகவல் வந்தது. மாதச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை லீவு. இனி போனை முறைக்க வேண்டாம். செல்விக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வூட்டுக்காருக்கு பர்மனென்ட் வேலை கெடச்சிடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் இன்னும் போய்ப் பார்க்கவே இல்லை.

கடை வாசலில் கார் நின்றது. மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அண்ணா, ஆட்டோமேட்டிக் ஓட்டியிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஓட்டி ஓட்டி சலிச்சுப்போச்சு மேடம்."

பச்சைப் பொய். கிளட்ச் இல்லாத கார், கியர் போடத் தெரியாத பெண்களுக்காகச் செய்தது என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிக்கிற ஜாதி நான். முந்தின நாள் நண்பன் பாஸ்கரிடம் விசாரித்ததுதான் என் மொத்தப் படிப்பு. "டி-ல போடு, மிதி. அவ்ளோதான் மச்சான், பொம்மை காரு."

"சரி, தாம்பரத்துல ஒரு கஸ்டமரைப் பார்க்கணும். நீங்களே ஓட்டுங்க, பார்க்கலாம்" என்றார் மேடம். முன் சீட்டில் சாம்பிள் டைல்ஸ் பெட்டியை வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

டி-யில் போட்டேன். மிதித்தேன். மேடவாக்கம், சேலையூர் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. மேடம் போனில் யாரோ கொத்தனாரைத் திட்டிக்கொண்டே வந்தார், என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதாவது வேலை கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

தாம்பரம் மேம்பாலத்தின் உச்சிக்கு வந்ததும் என் வாய் திறந்தது.

"மேடம், நான் ஓட்டுனா பெட்ரோல் மிச்சம். இப்ப பாருங்க."

லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். கார் சத்தமில்லாமல் உருண்டது. காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். குழப்பத்தைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓடுகிற வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவர, பழகிய கைக்குக் கிளட்ச் தேவையில்லை. திரும்ப கியர் போடத்தான் கிளட்ச் வேண்டும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த என் இடது கால் அதற்காகவே காத்திருந்தது போல. பாலத்தின் அடியில் ஜி.எஸ்.டி ரோடு தெரிந்தது. கியரைப் போடுவோம் என்று இடது காலைத் தூக்கி, இருபது வருஷப் பழக்கத்தின் முழுப் பலத்தோடு கிளட்ச்சை மிதித்தேன்.

அங்கே கிளட்ச் இல்லை. இருந்தது பிரேக்.

கார் அறைந்தாற்போல் நின்றது. டைல்ஸ் பெட்டி பறந்து டேஷ்போர்டில் மோதி உடைந்தது. மேடம் என் சீட்டின் முதுகில் வந்து இடித்தார். அடுத்த நொடி பின்னால் வந்த ஷேர் ஆட்டோ எங்கள் மேல் முட்டியது.

அப்போதாவது சும்மா இருந்தேனா? கிளம்பித் தப்பித்துவிடலாம் என்று ஃபர்ஸ்ட் கியர் போடுகிற மாதிரி லீவரை முன்னால் தள்ளினேன். காரின் பின்பக்கத்தைக் காட்டும் திரை டேஷ்போர்டில் பளிச்சென்று எரிந்தது. திரை முழுக்க, முட்டிய ஆட்டோவில் வந்த ஒரு அம்மா குனிந்து ரோட்டில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரிவர்ஸ்! அது ரிவர்ஸ்! காலை எடுக்காதீங்க!" என்று மேடம் அலறினார்.

நல்லவேளை, என் இடது கால் இன்னும் 'கிளட்ச்'சை விடவில்லை. மேடம் கையை நீட்டி லீவரைப் பார்க்கிங்கில் தள்ளினார்.

தப்பு செய்தவன் இறங்கி மன்னிப்புக் கேட்பான். நான் இறங்கி ஆட்டோக்காரப் பையன் மேல் பாய்ந்தேன்.

"கேப் வுட்டு வரத் தெரியாது? உனக்கெல்லாம் எவன்டா லைசன்ஸ் குடுத்தான்?"

மீன்காரம்மா நிமிர்ந்தார். கையில் ஒரு சங்கரா மீன். அவருடைய அன்னக்கூடை கவிழ்ந்து கிடந்தது.

"யோவ், அவன இன்னாத்துக்கு கேக்குற? நட்டநடு ரோட்ல நீ இன்னாத்துக்கு நின்ன, அத சொல்லு மொதல்ல!"

"நாய் குறுக்க வந்துச்சு."

"எங்க நாயி? நான் பாக்கறப்ப வண்டிலேந்து எறங்குனது நீ ஒருத்தன்தான்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"நாய் எதுவும் வரல. எதுக்கு அண்ணா நின்னீங்க?"

"கியர் போட கிளட்ச்ச மிதிச்சேன் மேடம்."

மேடம் திரும்பிக் காரைப் பார்த்தார். நான் திட்டிய அந்தப் பையன்தான், யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, அதுல கிளட்ச்சே கிடையாதுண்ணா."

அவன் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடம் ஆட்டோவுக்கு ஆன சேதத்தைப் பேசி முடித்தார், கூடை மீனையும் தானே வாங்கிக்கொண்டார். கஸ்டமரிடம் நாளைக்கு வருவதாகப் போன் செய்தார். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். "முன் சீட்டெல்லாம் உடைஞ்ச டைல்ஸு. பின்னாடி ஏறுங்க. வீடு எங்க?"

மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மேடம் பேசினார்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா அரை மணி நேரத்துல நானே சொல்லிக்கொடுத்திருப்பேன். இப்ப அந்தம்மா உங்க பின்னாடி குனிஞ்சிட்டு இருந்தாங்க. காலை எடுத்திருந்தீங்கன்னா?"

இரும்புலியூருக்கு வழி மட்டும் சொன்னேன்.

எங்கள் தெருவில் அப்போதுதான் தண்ணி லாரி வந்திருந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். செல்வியும் நின்றாள். அத்தனை பேர் நடுவில் அந்தக் கார் வந்து நின்றது. முன்னால் ஓட்டிக்கொண்டு முதலாளி. பின்னால் மீன் பையோடு நான்.

"அக்கா, மீன் ஃப்ரெஷ்ஷா இருக்கு. அண்ணா கொஞ்சம் பயந்துட்டாரு, குடிக்கத் தண்ணி குடுங்க" என்று செல்வியிடம் சொல்லிவிட்டு மேடம் கிளம்பிப் போனார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, கேட்க எனக்கும் முகம் இல்லை.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காதான் ஆரம்பித்தார்.

"இன்னா செல்வி, உங்க வூட்டுக்காருக்கு டிரைவர் வேல கெடச்சிடுச்சுன்ன. இப்ப டிரைவரே கெடச்சிட்டாங்க போல!"

லாரித் தண்ணீர் வழிந்து ஓடியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை, அப்படிச் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அன்று வைத்த மீன் குழம்பு நன்றாகவே இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு ஆட்டோமேட்டிக் கற்றுக்கொண்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி கியர் போடவே தெரியாத ஒரு கல்லூரிப் பெண். இடது காலை மடக்கி சீட்டை ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். ரிவர்ஸ் போட்டுத் திரை எரியும்போதெல்லாம் பார்க்கிங்கில் தள்ளிவிட்டு, இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்துதான் வண்டியை எடுப்பேன்.

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை கிடையாது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போக கார் வந்து நின்றாலும், என் மகள் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாள்: "டிரைவர் சார், நீங்க பின்னாடி ஏறுங்க!"

இப்போதெல்லாம் செல்வியும் சிரிக்கிறாள். நான் வாயைத் திறக்காமல் ஏறிக்கொள்கிறேன்.