இனிமேல் குளிராத ரோஜாக்கள்

வில்லோ பெண்ட் நகர மன்றம் கூடி, தீர ஆலோசித்து, ஒருமனதாக முடிவெடுத்தது: இவ்வூர்க் கொடிரோஜாக்களுக்கு இனிமேல் குளிராது.

காரணம் இருந்தது. நாற்றுப் பைகளில் 'குளிர் தாங்கும்' என்று அச்சிட்டிருந்தது. மாகாணத்தின் இயற்கை எழில் பரிசுக்கு ஊர் போட்டியிட்டது. ஆகவே வீட்டுக்கு வீடு கொடிரோஜா கட்டாயம்; அதை மூடி வைப்பது ஊருக்கு அவமானம்.

டார்க்கா, மகள் பிறந்த கோடையில் நட்ட கொடியைத் தட்டியிலிருந்து அவிழ்த்துத் தரையில் படுக்கவைத்து, வைக்கோலால் மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அக்டோபரிலும் செய்கிற வேலைதான். மன்றத்து ஆய்வாளர் பென்னர் காரைவிட்டு இறங்கினார்.

"ஏம்மா, ரோஜாவுக்குப் போர்வையா?"

"மைனஸ் நாப்பது வருமே சார். நின்னா செத்துடும்."

"குளிர் தாங்கும்னு போட்டிருக்கில்ல?"

"உங்க காரும் இந்த ஊருக்குன்னு செஞ்சதுதானே. ராத்திரி குளிர்ல உறைஞ்சுடாம எஞ்சினுக்குக் கரண்ட் சொருகித்தானே வைக்கிறீங்க?"

"காரைப் பத்தி மன்றம் தீர்மானம் போடலையே. போட்டா சொருக மாட்டேன்."

வைக்கோல் பறிமுதலானது. படுப்பதற்கு எதிராக விதி இல்லாததால் கொடி படுத்தே கிடந்தது. தெருப்பனியைத் தள்ள வந்த மன்றத்து வண்டியே மார்பளவு பனியை அதன்மேல் குவித்துவிட்டுப் போனது. அடியில் கொடி கதகதப்பாக உறங்கியது.

மே மாதம் ஊர்த் தட்டிகளிலெல்லாம் விறகு நின்றது. டார்க்கா வீட்டில் மட்டும் தளிர். செடிகள் தற்காலிக விடுப்பில் இருப்பதாக மன்றம் அறிவித்து, வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் ரோஜா வழங்கியது.

ஜூனில் கொடி பூத்தது. "ஏண்டி, நீ மட்டும் நிஜப்பூ வச்சிருந்தா எங்க பவுசு என்னாகிறது?" என்றாள் பக்கத்து வீட்டு ஹல்யா. "பரிசு போச்சுன்னா தெருவே உன்னைத்தான் ஏசும்."

டார்க்கா பயந்துபோய், நிஜப் பூக்களுக்கு நடுவே பிளாஸ்டிக் பூக்களையும் கட்டிவைத்தாள்.

ஜூலையில் நடுவர் வந்தார். ஒரே அளவு, ஒரே நிறம், ஓர் இதழ்கூட உதிரவில்லை; நெகிழ்ந்துபோனார். டார்க்கா வீட்டு வாசலில் முகம் சுளித்தார்.

"இதென்ன, இதழ் கொட்டுது? ஈ மொய்க்குது?"

"மட்டமான சரக்கு சார்," என்றார் பென்னர். "இப்பவே எடுத்துடுறோம்."

"எடுத்தா பரிசு உங்களுக்குத்தான்."

பிடுங்கத் தெருவே உதவிக்கு வந்தது. வேர்தான் லேசில் வரவில்லை. மாலையில் மேடையில் இயற்கை எழில் பரிசு கைமாறியபோது டார்க்கா, மகளை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். சத்தம் குறைந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.