அடிமூட்டையம்மா நடத்திய பஞ்சாயத்து

மேல்மலையில் இதுவரை பிறந்தவர்களிலேயே, அரசாங்கக் காகிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்த ஒரே ஜீவன் அடிமூட்டையம்மாதான். இனி ஒருத்தர் பிறந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

மன்னவனூருக்கும் கிளாவரைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நான் அங்கே பஞ்சாயத்து கிளார்க்காகக் குப்பை கொட்டியவன். ஊரில் பூண்டுதான் விவசாயம். மூட்டை கட்டுகிற ஆள் மேலே குண்டுப் பூண்டாக அடுக்கிவிட்டு அடியில் பொடிப் பூண்டைத் தள்ளிவிடுவான். இந்த அம்மா, பெருமாள்மலையிலிருந்து வருகிற வியாபாரி பாய்க்குத் தரம் பார்த்துச் சொல்பவர். மூட்டையின் வாயைப் பார்க்கவே மாட்டார். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கிடந்ததைத்தான் முதலில் கையில் எடுப்பார். சொந்த மாமனார் கொண்டுவந்த மூட்டையையும் கவிழ்த்தார். மாமனாரோடு பேச்சுவார்த்தை நின்றது. பட்டப்பெயர் நிலைத்தது.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஊர் ஆம்பளைகள் கூடிப் பேசினார்கள். எந்தப் பெண்ணை நிறுத்தலாம் என்றா? இல்லை. எந்தப் புருஷனை நிறுத்தலாம் என்று. அடிமூட்டையம்மாவின் வீட்டுக்காரர் தேர்வானார். போஸ்டரில் அவர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மூலையில் தபால்தலை அளவுக்கு வேட்பாளர் இருந்தார். ஜெயித்த மறுநாளிலிருந்து ஊரே வீட்டுக்காரரைத் "தலைவரே" என்றது. ஓட்டு வாங்கி ஜெயித்த அம்மாவைத் "தலைவர் சம்சாரம்" என்றது.

இதில் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. இவருக்கு முன்னால் இருந்த பெண் தலைவரின் காலம் முழுக்க, நான் காகிதங்களை டீக்கடையில் அவருடைய புருஷனிடம் கொடுத்துத்தான் கையெழுத்து வாங்கினேன். அந்த அம்மாவின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. சொல்லவே கேவலமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே பழக்கத்தில் இந்த வீட்டுக்கும் ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏய், வெரசா வந்து கையெழுத்தப் போடு. கிளார்க்கு நிக்கிறாருல்ல."

அம்மா வந்தார். கட்டை வாங்கிக் கவிழ்த்தார். கடைசிக் காகிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, அது கடைசிப் பக்கம்" என்றேன்.

"தெரியுதுண்ணே. மேல இருக்கிறது நான் பாக்கணும்னு நீங்க வச்சது. நான் பாக்கக் கூடாதுன்னு எத வச்சிருக்கீங்க?"

வெள்ளனே போனவன் மத்தியானம் வரை நின்றேன். ஒரு காகிதத்தில் 'மேட்டுத்தெரு விளக்கு மாற்றப்பட்டது' என்று இருந்தது. "வாங்க, பாத்துட்டு வருவோம்" என்று கிளம்பிவிட்டார். போனோம். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குருவிக்கூடு இருந்தது.

அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "இது எத்தன வாட்ஸுண்ணே?"

அடுத்து, கொடைக்கானலில் தலைவர்கள் கூட்டம்; நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சுற்றுவட்டாரத்துப் பெண் தலைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கே? வராந்தாவில். ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் ஏரிப் பக்கம் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாற்காலி முழுக்க மீசை. எங்கள் அம்மா நேராக உள்ளே போனார்.

அங்கே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் பதறினார். "உள்ள ஒனக்கு என்ன சோலி? போயி வெளிய இரு."

"எனக்கு இங்க சோலி இருக்குன்னு ஊரே ஓட்டுப் போட்டிருக்கு. ஒங்களுக்குத்தான் என்ன சோலின்னு எனக்குத் தெரியல. எந்திரிங்க."

அவர் எழுந்தே விட்டார். அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையை ஒரு சுற்றுப் பார்த்து, ரொம்ப மரியாதையாக விசாரித்தார். "நீங்கள்லாம் எந்தெந்தத் தலைவரோட வீட்டுக்காரருங்க?"

டீ கொடுக்க வந்த பெண்தான் முதலில் சிரித்தார். அதிகாரி இருமிக்கொண்டே, "தலைவர்கள் மட்டும் இருக்கலாம்" என்றார். ஐந்து நிமிஷத்தில் மீசைகள் வராந்தாவுக்குப் போயின. குளிரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜீப்பில் திரும்பி வந்தோம். பூம்பாறை தாண்டியதும் வீட்டுக்காரர் ஒரே பேச்சுப் பேசினார். "ஏத்தி விட்ட எனக்கு எறக்கி விடவும் தெரியும்." அந்தப் பதவி இனி அம்மாவுடையதா, புருஷனுடையதா என்பதுதான் அன்றிலிருந்து விவகாரம்.

மேட்டுத்தெருப் பெண்கள் ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்தத் தெருவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட அனுமதி வந்தது. துணைத்தலைவர் அப்போது கீழே, டூரிஸ்டுகளுக்கு ஒரு காட்டேஜ் கட்டிக்கொண்டிருந்தார். தொட்டி அதன் பக்கத்தில் வந்தால் தேவலை என்றார். வீட்டுக்காரர் சரி என்றார். கிராமசபையில் தீர்மானம் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் கிராமசபை எப்படி நடக்கும் என்றால், பெண்கள் காட்டு வேலைக்குப் போன பிறகு பத்து ஆம்பளைகள் கூடுவார்கள். சாயங்காலம் நான் நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பெண்களின் கையெழுத்தை வாங்குவேன்.

தொட்டியைக் கீழே மாற்றுகிற காகிதத்தை வீட்டுக்காரர் காகிதக் கட்டில் எங்கே சொருகினார் தெரியுமா? அடியில்! இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன். அந்த அம்மா கவிழ்க்கும் மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்ததே அவர்தான்.

அம்மா அதை வாசித்தார். என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "கிளார்க்கண்ணே, கிராமசபை இந்தத் தடவ மேட்டுத்தெருப் பூண்டுக் கொட்டகையில. நோட்டீஸ் ஒட்டிருங்க."

துணைத்தலைவர் வந்து குதித்தார். "மெம்பருக பூராம் எங்க பக்கம். கலெக்டருக்கு மனுக் குடுத்து எறக்கிருவோம்." வீட்டுக்காரர், "கூட்டத்த அங்க நடத்துனா வீட்டுப் பக்கம் வராத" என்றார்.

"பதவி போனா பூண்டு கெடக்கு" என்றார் அம்மா. வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கொட்டகை நிறையப் பெண்கள் சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பூண்டு ஆய்கிற கைவேலையை ஒருத்தியும் நிறுத்தவில்லை. துணைத்தலைவர், "குடிநீர்த் தொட்டி அமைக்க இச்சபை ஒப்புதல் அளிக்கிறது" என்று வாசித்துவிட்டு மடக்கினார்.

"எங்கன்னும் வாசிங்க" என்றார் அம்மா.

துணைத்தலைவர், தன் காட்டேஜ் பக்கம் என்று முணுமுணுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "ஏலே, ஒன் காட்டேஜுல குளிக்க வர்றவனுக்கு எங்க தண்ணியா? நாங்க இன்னும் கொடம் சொமக்கணுமா?"

"தொட்டி இந்தத் தெருவுலதான் வேணும்னு சொல்றவுக கையத் தூக்குங்க" என்றார் அம்மா. தூக்கினார்கள். ஒவ்வொரு கையிலும் பூண்டு. எண்ணுவதற்கே எனக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது. மனுக் கொடுக்கிறேன் என்ற மெம்பர்கள் அதற்கப்புறம் மூச்சுவிடவில்லை. அவர்கள் சம்சாரங்களும் அந்தக் கொட்டகையில்தான் கையைத் தூக்கினார்கள்.

தொட்டி மேட்டுத்தெருவில் நிற்கிறது. அம்மா அன்று வீட்டுக்குத்தான் போனார். கதவு திறந்தே இருந்ததாம். இரண்டு மாதம் பேசாமல் இருந்த வீட்டுக்காரர், யாரோ தன்னைத் "தலைவரே" என்று கூப்பிட்டபோது, "அவ உள்ள இருக்கா" என்றாராம்.

பதவிக்காலம் முடிந்துவிட்டது. நானும் ரிட்டயர் ஆகி இந்த ஊரிலேயே இருக்கிறேன். அடுத்த தேர்தலில் எங்கள் பஞ்சாயத்து பொதுவாகிவிடும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். "பொம்பளைக சோலி முடிஞ்சது" என்கிறார்கள்.

போன வாரம் அம்மா என் வீட்டுக்கு வந்தார். "ஏண்ணே, பொதுன்னா ஆம்பளைக்குன்னா அர்த்தம்?"

"இல்லைங்கம்மா. யாரும் நிக்கலாம்."

"அப்ப நான் நிக்கேன். முன்மொழிய, ஓட்டர் லிஸ்டுல பேரு உள்ள ஒரு ஆள் வேணும்ல?"

"தேர்தல் தேதியே இன்னும் சொல்லலையேம்மா. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சிடுசிடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய், வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.