துரையின் படகு வண்டியும் தள்ளிப்போன பரிசமும்

மாரியாத்தா துணை

நோர்வூட் பக்கம்,
பங்குனி மாதம்.

வட்டகொடை ஸ்டேஷனில் கைகாட்டி இறக்கி ரயிலுக்கு வழி சொல்லும் என் மதிப்புக்குரிய மச்சான் அழகுமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி புருஷன், தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவர் ஆண்டியப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் தங்கச்சி சண்முகவடிவும், மகள் பூரணியும் சுகம். லாரியும் சுகம். அங்கே நீங்களும் வீட்டில் அக்காவும் சுகமாக இருக்க ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இந்த இடத்தில் 'நிற்க' என்று எழுதுவது முறை. ஆனால் நான் சொல்லப்போகிற சமாச்சாரத்தில் எதுவுமே நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பதால் அதை எழுதவில்லை, மன்னிக்கவும்.

வெள்ளிக்கிழமை பூரணிக்குப் பரிசம் பேசி முடிக்க, நீங்கள் சொன்னபடி உங்கள் வீட்டுக்கே குடும்பத்தோடு வருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனது தப்புதான். நீங்கள் பாய் விரித்து, சொந்தபந்தத்தைக் கூட்டி, பலகாரம் சுட்டு வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருப்பீர்கள். வேறொருத்தர் என்றால் அன்றைக்கே சம்பந்தத்தைத் தலைமுழுகியிருப்பார். நீங்களோ மறுநாளே உங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை கணேசமூர்த்தியை அனுப்பி, எங்களுக்கு என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று சுகம் விசாரிக்கச் சொன்னீர்கள். அந்தப் பெருந்தன்மையை நினைத்து உங்கள் தங்கச்சி அழுதேவிட்டாள். விவரத்தை மாப்பிள்ளையே வந்து நேரில் சொல்லுவார்தான். ஆனால் அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். அதற்கும் காரணம் உண்டு, வருகிறேன். எல்லாத்துக்கும் மூலம் ஒரு படகு. படகுகூட இல்லை மச்சான், அந்தப் படகைச் சுமக்கிற வண்டி.

அணை கட்டித் தண்ணீர் ஏறினதில் எங்கள் பழைய ரோடு பாதியோடு முழுகிப்போனது உங்களுக்குத் தெரியும். ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போகும், பார்த்தால் மீனெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்த, தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரைக்குத் தூண்டில் ஆசை வந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு சின்னப் படகும், அதை ஏற்றி இழுக்க ஒரு ரெண்டு சக்கர டிரெய்லரும் வந்து இறங்கின. வண்டியென்றால் கைக்குழந்தை மாதிரி, ஒரு கையால் தூக்கி வைக்கலாம். இதை லாரிக்குப் பின்னால் மாட்டி, ரிவர்ஸில் தண்ணீருக்குள் இறக்கிப் படகை மிதக்க விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கொழுந்து மூட்டையோடு மலை ரோட்டில் முடக்கு முடக்காகப் பின்னுக்கு ஏறி இறங்கிய எனக்கு இது ஒரு வேலையா என்று ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். நான் இடதுபக்கம் ஒடித்தால் அது வலதுபக்கம் போகிறது! சரி, வலதுபக்கம் ஒடித்தேன், அது இடதுபக்கம் ஓடி, மடங்கி, என் கதவுக்கே வந்து எட்டிப் பார்க்கிறது. கரையில் லயத்து வீடுகளின் ஜனம் மொத்தமும் சிரிக்கிறது. "ஆண்டியப்பன், நீ முன்னாலே போனா ராஜா. பின்னாலே போனா யாரு?" என்று துரை கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கண்டிஷனும் போட்டார். வியாழக்கிழமை அக்கரப்பத்தனை துரை மீன் பிடிக்க வருகிறாராம். அன்றைக்குப் படகு ஒழுங்காகத் தண்ணீரில் இறங்கினால், வெள்ளிக்கிழமை பரிசத்துக்கு லாரி தருவார். இறங்காவிட்டால் லாரியும் இல்லை, லீவும் இல்லை. ஆக, பூரணியின் கல்யாணம் அந்த டிரெய்லரின் பின்பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டது.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. முன்னுக்கு இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி வருகிறதே, பின்னுக்குத் தள்ளினால் ஏன் இந்த எதிர்ப்பேச்சு? உங்களுக்கு எத்தனை பெட்டியைப் பின்னால் தள்ளினாலும் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். நான் யாரைக் கேட்பது? வீட்டுக்கு வந்து தீப்பெட்டியை லாரியாக வைத்து, உங்கள் தங்கச்சியின் நூல்கட்டையை டிரெய்லராக வைத்து, நடுவில் ஒரு ஈர்க்குச்சியைக் கட்டி, அடுப்படித் தரையில் குப்புறப்படுத்துத் தள்ளிப் பார்த்தேன். குட்டைக் குச்சி என்றால் தொட்டதும் மடங்குகிறது. நீளக் குச்சி என்றால் யோசித்து யோசித்துத் திரும்புகிறது, நமக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க நேரம் கிடைக்கிறது. அடடா, விஷயம் இங்கேதான் இருக்கிறது என்று கத்திவிட்டேன். "பொம்பளப் புள்ளைக்குப் பரிசம் போடப் போற மனுசன் தீப்பெட்டி தள்ளி வெளையாடுறாரே, இதை எங்க போய்ச் சொல்லி அழுவேன்" என்று உங்கள் தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். பூரணி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, இன்னும் நீளமா ஒண்ணு போட்டுப் பாருங்க" என்று விளக்குமாற்றையே உருவிக் கொடுத்தாள்.

மறுநாள் பெக்டரியில் மிஷின் பார்க்கிற பிட்டர் பொன்னையாவைப் பிடித்தேன். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி, டிரெய்லரின் முன்னால் மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் இருக்கிற மாதிரி நீட்டிப் பற்றவைத்தோம். இப்போது இன்னொரு பிரச்சினை. வண்டி குட்டை, லாரி உயரம், கண்ணாடியில் பார்த்தால் வண்டியே தெரியவில்லை. பின்னால் ரெண்டு மூலையிலும் ஒவ்வொரு மூங்கிலை நட்டுத் துணி கட்டினால், வால் எங்கே இருக்கிறதென்று தெரியுமே? என்ன கலர் துணி? வெள்ளை கட்டினால் மூடுபனியில் மறைந்துவிடும். பச்சை கட்டினால் தேயிலையோடு தேயிலையாகப் போய்விடும். சிவப்புக் கட்டினால் ஸ்ட்ரைக் என்று துரைக்கு நெஞ்சு வலிக்கும். ஆகவே மஞ்சள். உங்கள் தங்கச்சியின் பழைய மஞ்சள் சீலையில் ரெண்டு முழம் கிழித்துக் கட்டினேன். குழாய்க்குப் பெயின்ட் அடித்துக் காயவைக்கச் சமதரை வேண்டும். எங்கள் தோட்டத்தில் சமதரை என்றால் மாரியம்மன் கோயில் வாசல்தான். அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். புதுசாக வேலை செய்த வண்டி, கண் படக்கூடாது என்று பொன்னையா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். குழாயில் ஒரு கொத்து வேப்பிலையும் செருகினான். நானும் நல்லதுதானே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இந்த வருஷத் திருவிழாவைப் பங்குனியில் வைப்பதா சித்திரையில் வைப்பதா என்று தோட்டத் தலைவருக்கும் பூசாரி மாயாண்டிக்கும் ஒரு மாதமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் பார்க்கிறார்கள்: கோயில் வாசலில் கொடிமரம், மஞ்சள் கொடி, வேப்பிலை, எலுமிச்சம்பழம். மாயாண்டிதான் ஏற்றிவிட்டார் என்று தலைவர் நினைத்தார். தலைவர்தான் ஏற்றிவிட்டார் என்று மாயாண்டி நினைத்தார். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடுமே! அந்தப் பெண்களில் முந்திக்கொண்ட வீரம்மாக்கா டிரெய்லருக்கு மஞ்சத்தண்ணி ஊற்றிக் கற்பூரம் காட்டிவிட்டார். கற்பூரம் காட்டினபிறகு பூசாரி சும்மா இருக்க முடியுமா, காப்புக் கட்ட ஆரம்பித்தார். நான் லாரிக்கு அடியில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். "ஆண்டியண்ணே, கையை நீட்டுங்க" என்று யாரோ சொன்னார்கள். ஸ்பானர் தரப்போகிறார்கள் என்று நீட்டினேன். இழுத்துப் பார்த்தால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

காப்புக் கட்டினவன் திருவிழா முடியும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது நான் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "ஐயோ, அது கொடி இல்லீங்க, டிரெய்லருங்க!" என்று நான் அலறினேன். "ஆத்தா எதுல எறங்கணும்னு நெனைச்சாளோ அதுல எறங்கிட்டா. நீ யாரு கேக்க?" என்று வீரம்மாக்கா ஒரே போடாகப் போட்டார். அந்த நேரம் பார்த்துத் துரையும் அக்கரப்பத்தனைத் துரையும் தொப்பியும் தூண்டிலுமாக வந்து நின்றார்கள். தங்கள் வண்டிக்கு ஜனம் விழுந்து கும்பிடுவதைப் பார்த்தார்கள். "ஆண்டியப்பன், சாமி எப்ப எறங்கும்?" என்று துரை மெதுவாகக் கேட்டார், பாவமாக இருந்தது. திருவிழா முடிஞ்சாத்தான் துரை என்றேன். அவர் தூண்டிலோடு திரும்பிப் போனார். நான் வெள்ளிக்கிழமை பரிசத்தட்டுகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சொந்த மகளுக்கு நானே குழி வெட்டிவிட்டேனே என்று புலம்பினேன் மச்சான். அப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். தோட்டத்துக்குள் கால் வைத்ததும் அவர் கையிலும் யாரோ காப்பைக் கட்டிவிட்டார்கள். திருவிழா முடிந்துதான் வருவேன் என்று அட்டன் ஸ்டேஷன் ஆள் மூலமாக உங்களுக்குச் சேதி சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்.

நேற்றுக் கடைசி நாள். கரகத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோய் விடவேண்டும். கொடி ஏறின வண்டி வெறுமனே நிற்கக் கூடாது, கரகம் அதில்தான் போகவேண்டும் என்று மாயாண்டி சொல்லிவிட்டார். துரையும் தலையாட்டிவிட்டார், அவருக்கு எப்படியாவது வண்டி நகர்ந்தால் போதும். படகில் கரகம் ஏறியது. லாரி வேண்டாம், ஜனமே தள்ளும் என்றார்கள். நாங்கள் நீட்டிய குழாயின் ரெண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள், முன்னால் மாப்பிள்ளை. அந்தி மூடுபனியில் எதிரே இருக்கிற ஆள் தெரியவில்லை, மஞ்சள் துணி ரெண்டு மட்டும் தெரிந்தது. "ஆத்தா, தாயே!" என்று ஒரே தள்ளு. வண்டி நூல் பிடித்தாற்போல் பின்னாலேயே போய் இறங்கிவிட்டது! கரகத்தைத் தண்ணீரில் விட்டோம், படகு தானாக மிதந்தது. துரை கைதட்டி, "போட் தண்ணியிலே போச்சு. லாரி எடு, ஆண்டியப்பன்" என்றார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் விடவேயில்லை. நேராகப் போனதற்குக் காரணம் குழாயின் நீளமா, மூங்கில் கொடியா, ஆத்தாளா? லாரியில் மாட்டி ஒருதரம் பார்த்தால்தான் தூக்கம் வரும். பொன்னையாவோ, "வேண்டாம்ணே, மறுபடி யாராவது கற்பூரத்தோட வந்துருவாங்க" என்கிறான்.

ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை தட்டுகளோடு கட்டாயம் வந்து சேருகிறோம். எங்கள் மேல் வருத்தம் வைக்காமல் சுகம் விசாரித்த உங்கள் மனசுக்கு ஆத்தா ஒரு குறையும் வைக்க மாட்டாள். அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் ஸ்டேஷனில் எல்லா ரயிலும் நேரத்துக்கு வரட்டும், நேரத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி புருஷன்,
ஆண்டியப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். 'பெருந்தன்மை' என்ற இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது. "மாமா, அப்பா சொகம் விசாரிக்கச் சொல்லி அனுப்பலைங்க. சம்பந்தம் முறிஞ்சு போச்சு, இனிமே நீங்க யாரோ நாங்க யாரோன்னு சொல்லிட்டு, ஒங்க வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம அடுத்த பஸ்ஸுல திரும்பி வரச் சொன்னாங்க" என்கிறார். அட பாவி, பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லத்தாங்க வந்தேன். தோட்டத்து வாசல்லயே பூரணி கயித்தோட நின்னுச்சு. வாயைத் தொறக்கறதுக்குள்ள காப்பைக் கட்டிருச்சு. காப்புக் கட்டுனவன் கெட்ட வார்த்தை பேசலாமாங்க?" என்கிறார். காப்புத்தான் இன்று காலை அவிழ்த்தாயிற்றே, இப்போது சொல்லலாமே என்றேன். மறந்துபோச்சு மாமா என்று சொல்லிவிட்டு, பூரணி ஊற்றிய தோசையை எடுத்துக்கொண்டார். மச்சான், நீங்கள் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தீர்கள், வண்டி மறுபக்கம் போய் நிற்கிறது. இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருப்பதால் சொல்கிறேன், மேற்கொண்டு ஒடிக்க வேண்டாம். மற்றபடி உங்கள் மகன் உங்கள் சொல்லைத் தட்டாத பிள்ளை. வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவேயில்லை. எல்லாம் பூரணி போட்ட தேத்தண்ணிதான்.