நாற்பத்தெட்டுக்குப் பதினொன்று

ஆலங்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் டாக்டர் பிராங்க்ளினுக்கு,

உன் அப்பாவுடன் பிறந்த அத்தை இன்னாசியம்மாள் எழுதுவது. உனக்கும் உன் வீட்டாருக்கும், புதுக்கோட்டையில் உன் ஆஸ்பத்திரிக் கட்டில்களில் படுத்திருக்கும் அனைவருக்கும் ஆண்டவர் சுகம் தருவாராக. எனக்கு ஏற்கெனவே தந்துவிட்டார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு பேச்சைத் திருத்த வேண்டியிருக்கிறது. உன் ஆஸ்பத்திரியிலிருந்து மாதாமாதம் போன் செய்து என் இடுப்பைப் பற்றி விசாரிக்கும் ஹரிணி என்ற பெண்ணை நான் அழவைத்துவிட்டதாக ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. அந்தப் பெண் அழவில்லை. "ஒரு நிமிஷங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனைத் தன் மேலதிகாரியிடம் கொடுத்தாள். இரண்டும் ஒன்றல்ல. இந்தப் பேச்சைக் கிளப்பியவள் பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள். எனக்குக் காது சற்று மந்தம், ஆகவே போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். அவளுக்குக் காது கூர்மை, ஆகவே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சுவருக்கு அங்கிட்டு நின்று கேட்பாள். "இன்னாசியம்மாவால குளிக்கக்கூட முடியலையாம், ஆஸ்பத்திரியிலயே எழுதிக்கிட்டாங்களாம்" என்று இரண்டாவதாக ஒரு செய்தியையும் அவள்தான் பரப்பியிருக்கிறாள். அதுவும் தவறு. நான் தினமும் இருவேளை குளிக்கிறேன். எப்படிக் குளிக்கிறேன் என்பதை ஸ்பீக்கரில் விவரிக்க மறுத்தேன், அவ்வளவுதான். மறுத்ததற்கு உன் ஆஸ்பத்திரி பூஜ்யம் போட்டிருக்கிறது.

தையில் தென்னை மட்டை விழுந்த சத்தம் கேட்டுப் பின்வாசலுக்குப் போய் ஈரச் சிமெண்டில் நான் வழுக்கி விழுந்ததும், இடது இடுப்பெலும்பு முறிந்ததும், நீ அதில் உலோக உருண்டை ஒன்றை வைத்துத் தைத்ததும் உனக்குத் தெரிந்த கதை. உன் கைவேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை உன் கேள்விகளில். முதல் தடவை ஹரிணி போன் செய்தபோது "பாட்டிம்மா" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பேத்தி கிடையாது என்று சொன்னதும் "மேடம்" என்று மாற்றிக்கொண்டாள். நல்ல வளர்ப்பு. எலும்பு கூடியதா என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும், ஆள் தேறியிருக்கிறாரா என்பதை அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி என்று பொறுமையாக விளக்கினாள். "டாக்டருங்க என்ன நெனைக்கிறாங்கங்கிறது இதுல வராதுங்க மேடம். நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே போடுவோம்" என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இந்த வயதில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. எழுந்து போய் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் பதில் சொன்னேன்.

பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். சாக்ஸை நீங்களாகவே போட்டுக்கொள்ள முடிகிறதா என்று கேட்டாள். கான்வென்டை விட்ட நாளிலிருந்து நான் சாக்ஸ் போட்டதில்லை என்றேன். "போட்டா முடியுமாங்க?" என்றாள். போட்டுப் பார்க்காமல் முடியும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அது பொய். "அப்ப முடியலைன்னு போட்டுக்கவாங்க?" என்றாள். வீட்டுச் சாமான்களை நீங்களே கடைக்குப் போய் வாங்கி வருகிறீர்களா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் போனார், இப்போது ஆட்டோக்காரர் சேவுகன் கொண்டுவந்து கொடுக்கிறார், நான் எந்தக் காலத்திலும் கடைக்குப் போனதில்லை என்றேன். அதற்கும் முடியவில்லை என்றே போட்டுக்கொண்டாள். வலி உண்டா என்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீண்டால் வலிக்கும் என்றேன். அது விழுவதற்கு முன்பும் வலித்ததுதான், ஆனால் அந்த விவரத்துக்கு அவளிடம் கட்டம் இல்லையாம். கார், பஸ்ஸில் ஏறி இறங்கச் சிரமமா என்றாள். கார் என்னிடம் கிடையாது, புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறுவது மிகுந்த சிரமம் என்றேன், ஏனென்றால் அது கறம்பக்குடியிலேயே நிரம்பி, படியில் ஆள் தொங்கிக்கொண்டு வந்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும், நாம் ஓட வேண்டும். "உனக்கும்தான் சிரமமா இருக்கும். நீ எப்படி வேலைக்குப் போறே?" என்று கேட்டேன். "ஸ்கூட்டியிலங்க மேடம்." "அதான் தெரியல." அதற்கும் பூஜ்யம், எனக்கு, பஸ்ஸுக்கு அல்ல.

நொண்டுகிறீர்களா என்று கேட்டபோது சற்றுக் கோபம் வந்தது. கான்வென்டில் தலையில் கனமான புத்தகத்தை வைத்து அது விழாமல் வராந்தா முழுக்க நடந்து பரிசு வாங்கியவள் நான். மெதுவாக நடக்கிறேன் என்றேன், நொண்டவில்லை. "யாராச்சும் பாத்துட்டு அப்படிச் சொன்னாங்களாங்க?" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. அவ சொல்றதை எழுதாதே." சுவருக்கு அங்கிட்டு ஒரு பாத்திரம் விழுந்தது. கேட்க வேண்டியதை மட்டும் இவர்கள் கேட்பதே இல்லை. மீன் ஆய முடிகிறதா என்று கேட்டார்களா? மொட்டை மாடியில் வடகம் காயப்போட முடிகிறதா என்று கேட்டார்களா? நானாகவே சொன்னபோது, "அது லிஸ்ட்ல இல்லங்க மேடம்" என்றாள். முதல் மாதம் பதினேழு வாங்கினேன். கேள்விகள் பழகப் பழக நான் இன்னும் துல்லியமாகப் பதில் சொன்னேன். மூன்றாம் மாதம் பதினொன்றாகிவிட்டது. எந்தப் பாடத்திலும் நான் நாற்பத்தெட்டுக்குப் பதினொன்று வாங்கியவள் அல்ல. கணக்கில்கூட.

இது என்னோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். உன் ஆஸ்பத்திரிப் பதிவில் நெருங்கிய உறவினர் என்று என் மகன், உன் மச்சான் ஜெபக்குமாரின் நம்பரைக் கொடுத்திருக்கிறோம் அல்லவா, அந்தப் பதினொன்றை, கீழே சரியும் சிவப்புக் கோடு ஒன்றோடு, ஓசூருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவனும் மருமகள் வனிதாவும் காரில் வந்து இறங்கினார்கள். கார் மேலே வாக்கர் கட்டியிருந்தது. உள்ளே நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, வனிதாவின் மடியில். நான் வடகத் தட்டோடு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்று ஓடிவந்து தட்டை வாங்கி, என்னையும் பிடித்து உட்கார வைத்தான்.

"பதினொண்ணும்மா" என்றான்.

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். அம்பதுக்குப் பதினொண்ணு."

"நாற்பத்தெட்டுக்கு" என்றேன்.

எங்களோடு வந்துவிடுங்கள் என்றான். ஓசூரில் அவன் வீடு ஒன்பதாவது மாடி. லிப்ட் இருக்கிறதாம், சாமானெல்லாம் வாசலுக்கே வந்துவிடுமாம், "நீங்க கீழ எறங்கவே வேணாம்மா" என்றான், ஏதோ பரிசு தருகிறவன் மாதிரி. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் ஆய்ந்து, நான் வைத்த விரால் மீன் குழம்பு. ஜெபக்குமார் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மற்றக் கையால் சிவப்புக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். வனிதா குழம்பையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளிடம் எனக்குச் சில குறைகள் உண்டு, ஆனால் அறிவில் குறையில்லை.

"அத்தை, இது நீங்க வச்ச கொழம்புதானே?"

"வேற யாரு வச்சா?"

"பின்ன எப்புடிங்க பதினொண்ணு?" என்று அவனைக் கேட்டாள்.

"அது டாக்டருங்க கண்டுபுடிச்சது, ஒனக்கு என்ன தெரியும்."

"டாக்டர் கண்டுபிடிக்கல. நான் சொன்னது" என்றேன்.

"பாத்தியா, அவங்களே சொல்லியிருக்காங்க. பெறகு என்ன?" என்று இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொண்டான். நான் குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டியில் முதலாவது வந்தவள் நான் என்பதையும் இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆகவே நேரில் வந்து உன்னிடம் நியாயம் கேட்பது என்று தீர்மானித்தேன். பஸ்ஸில்தான் வந்தேன், அந்த நான்கு மதிப்பெண்ணையும் அப்படியே வாங்கிவிடலாம் என்று. ஏறினேன். யாரோ கை கொடுத்தார்கள், நான் பிடித்துக்கொள்ளவில்லை. இடம் கொடுத்தார்கள், உட்கார்ந்துகொண்டேன். அது மரியாதை, உதவி அல்ல. புதுக்கோட்டையில் இறங்கி உன் ஆஸ்பத்திரி வாசல்வரை ஒழுங்காக நடந்தேன். அங்கே மதுரைவீரன் என்று ஒரு காவலாளியைப் போட்டிருக்கிறாய். கேட்டிலேயே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். வேண்டாம் என்றேன். "இடுப்பு ஆபரேஷன் கேஸு நடந்து போகக்கூடாதுங்கம்மா, ரூல்ஸு" என்றார். ஆபரேஷன் ஆகி மாதக்கணக்காகிறது என்றேன். "அதாங்கம்மா, இன்னும் சாக்கிரதையா இருக்கணும்" என்றார். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கட்டுப்படுவதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுக்கம். உட்கார்ந்தேன். நீ ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாய் என்றார்கள். சரி, அந்தப் பெண்ணையாவது பார்ப்போம் என்று ஹரிணியின் மேசைக்குத் தள்ளச் சொன்னேன். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறாள். நான் பேரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். "இவ்வளவு முடியாமயாங்க மேடம் இருந்திருக்கீங்க? போன்ல நல்லாத்தானே பேசுனீங்க" என்று கேட்டாள். நான் எழுந்து காட்டுவதற்குள் மதுரைவீரன் என் தோளைப் பிடித்து அழுத்திவிட்டார். திரும்பிப் போக ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டார்கள். பஸ்ஸில் போனேன்.

அதற்கு அடுத்த போனில்தான் மறுமதிப்பீடு கேட்டேன். அப்படி ஒன்று கிடையாதாம். பரீட்சை என்று வைத்தால் மறுமதிப்பீடு இருக்க வேண்டும் என்றேன். இது பரீட்சை இல்லைங்க மேடம் என்றாள். பரீட்சை இல்லை என்றால் ஏன் மதிப்பெண், மதிப்பெண் இருந்தால் ஏன் என் மகனுக்கு அனுப்பினாய், அனுப்பினாய் என்றால் அவன் என் வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போகப்போகிறானே, அது எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் போனை மேலதிகாரியிடம் கொடுத்தாள். அவர் குரலில் தேன் ஒழுகியது. "அம்மா, நீங்க உண்மையை மட்டும் சொன்னாப் போதும்." அதைத்தான் இத்தனை மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது நிலைமை இது. மாதக் கடைசியில் வேன் கொண்டுவருவதாக ஜெபக்குமார் சொல்லியிருக்கிறான். என் கட்டிலை எங்கே போடுவது என்று ஒன்பதாவது மாடியில் அளந்துவிட்டார்களாம். பிரகதாம்பாள் என் கொல்லைத் தென்னைகளை யாருக்குக் குத்தகைக்கு விடப்போகிறீர்கள் என்று இப்போதே கேட்கிறாள். இந்த வீட்டில்தான் நான் மணமாகி வந்தேன், இந்த வீட்டிலிருந்துதான் உன் மாமாவைக் கல்லறைக்கு அனுப்பினேன். எந்த ஸ்விட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்று எனக்கு இருட்டிலும் தெரியும். லிப்டில் எனக்கு எந்தப் பொத்தானும் தெரியாது. உன் கேள்விகளில் எதற்கும் இல்லாத சிரமம் எனக்கு அங்கேதான் ஆரம்பிக்கும், அதை அளக்க நீங்கள் போன் செய்ய மாட்டீர்கள்.

ஆகையால் நீயே தலையிட்டு என் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும். நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொன்று வருகிறது. முழு மதிப்பெண் கேட்கவில்லை. பிரசங்கத்துக்கும் சாக்ஸுக்கும் குறைத்துக்கொள். திருத்தியதை உன் கையெழுத்தோடு ஜெபக்குமாருக்கு அனுப்பு, கோடு பச்சையாக இருக்கட்டும், மேலே ஏறட்டும். ஹரிணியை ஒன்றும் சொல்லாதே. அவள் கேட்கச் சொன்னதைத்தான் கேட்டாள், நான் சொன்னதைத்தான் எழுதினாள்.

நீ எடுக்கும் ஒவ்வொரு கத்தியிலும் தேவமாதாவின் கை இருக்கட்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். வேளைக்குச் சாப்பிடு, போன தடவை பார்த்தபோது கன்னம் ஒட்டியிருந்தது.

இப்படிக்கு,
உன் அத்தை,
இன்னாசியம்மாள்.

பி.கு.: மேலே உள்ளதை ஆபீஸில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. நாற்பத்தொன்று வேண்டாம்.

ஜெபக்குமார் முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அவன் அப்பாவின் நினைவுப் பூசைக்கும்தான் வருவான். பதினொன்று வாங்கியதிலிருந்து ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருகிறான். போன தடவை சமையல்கட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் வெங்காயம் உரித்து முடிக்கும்வரை அவன் கம்பெனி மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. நன்றாக இருந்தது. நீ நாற்பத்தொன்று என்று அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டீங்களாம்மா" என்று கேட்டு வைத்துவிடுவான். பதினொன்றிலேயே விட்டால் வேனோடு வந்துவிடுவான். நடுவில் ஒரு எண் இருக்க வேண்டும். நான் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லியே பதினொன்று வாங்கியவளுக்கு அந்த எண்ணையும் உண்மையாகவே வாங்கத் தெரியும். எது என்று மட்டும் தெரிந்தால் போதும். நீங்கள் எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பீர்கள். எந்த மதிப்பெண்ணுக்கு மகன்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், எந்த மதிப்பெண்ணுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று உங்கள் ஆராய்ச்சியில் தெரிந்திருக்கும். அதை விசாரித்து, போனில் சொல்லாமல், இந்த மாதம் முடிவதற்குள் எனக்குக் கடிதமாக எழுதி அனுப்பவும்.